மானியம் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு ஒரு செக்குக்காரியின் கணக்கு

திருவண்ணாமலை மாவட்டம் சேத்துப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் மரச்செக்கு ஓட்டுகிறேன். 2021இல் பி.எம்.இ.ஜி.பி. என்கிற பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டக் கடனில் தொடங்கியது. சொந்தமாக ஏதாவது செய்யலாம் என்று நினைக்கும் பெண்கள், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி வேலை அலுத்து ஊருக்குத் திரும்பிய பையன்கள் என்று அவ்வப்போது யாராவது விசாரிக்க வருகிறார்கள். வந்தவர்கள் முதலில் கேட்பது, "அக்கா, மானியம் எவ்வளவு வரும்?" அடுத்தது, "எந்த மெஷின் நல்லது?"

மல்லாட்டை (நிலக்கடலை) அறுவடை ஆகி வரும் ஒன்றரை மாதத்தில் அதை வாங்கிப் போடக் காசு எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் சுற்றுவட்டாரத்தில் மூடிக் கிடக்கும் செக்கு, மசாலா மில், சிறுதானிய மாவு மில் எதையாவது திறந்து பாருங்கள். உள்ளே மெஷின் புதிதாகவே இருக்கும். மானியமும் கணக்கில் ஏறியிருக்கும். சரக்கு வாங்கப் பணம் இல்லாமல்தான் நின்றிருக்கும். மெஷின் வாங்க உதவும் திட்டங்களுக்கு இந்த நாட்டில் குறைவே இல்லை. சரக்குப் பணத்துக்கு நாமேதான் வழி கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. நான் எழுத வந்தது அதைப் பற்றி. ஆனாலும் மானியத்தை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன், அப்போதுதான் மற்றது காதில் ஏறும்.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் 2008இல் வந்தது. அதற்கு முன்பிருந்த இரண்டு திட்டங்களை ஒன்றாக்கிக் கொண்டுவந்தார்கள். கதர் கிராமத் தொழில் ஆணையம், கதர் வாரியம், கயிறு வாரியம், மாவட்டத் தொழில் மையம் ஆகியவை வழியாக விண்ணப்பிக்கலாம். கிராமத்தில் தொழில் தொடங்கும் பொதுப்பிரிவு ஆண்களுக்குத் திட்ட மதிப்பில் 25 சதவீதம் மானியம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், முன்னாள் படைவீரர், மாற்றுத்திறனாளிகளுக்கு 35 சதவீதம். நகரம் என்றால் இரண்டிலும் பத்து குறையும். கைப்பணமாகப் பொதுப்பிரிவு 10 சதவீதமும் மற்றவர்கள் 5 சதவீதமும் போட வேண்டும். நிலத்தின் விலையைத் திட்ட மதிப்பில் சேர்க்க முடியாது. கணவன், மனைவி இருவரில் ஒருவருக்குத்தான் கிடைக்கும். உற்பத்தித் தொழிலுக்கு உச்சவரம்பு 25 லட்சமாக இருந்ததை 2022இல் 50 லட்சமாக உயர்த்தினார்கள்.

என் திட்டம் 8 லட்சம். இயந்திரம், கொட்டகை வேலை எல்லாம் சேர்த்து 5 லட்சம், சரக்குக்கு 3 லட்சம். நான் போட்டது 40 ஆயிரம். மானியம் 2 லட்சத்து 80 ஆயிரம். அந்த 2 லட்சத்து 80 ஆயிரத்தை நான் கையால் தொட்டதே இல்லை. வங்கியிலேயே என் பெயரில் மூன்று வருஷ வைப்பாகப் போட்டுப் பூட்டிவிட்டார்கள். அதற்கு வட்டி தரமாட்டார்கள், கடனில் அந்த அளவுக்கு வட்டி வாங்கவும் மாட்டார்கள். மூன்று வருஷம் முடிந்ததும், வெளி நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து, செக்கு நிஜமாகவே ஓடுகிறதா, வாசலில் திட்டத்தின் பெயர்ப் பலகை இருக்கிறதா என்று பார்த்துப் படம் பிடித்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகுதான் கடனில் கழித்தார்கள். மானியம் வந்ததும் வீட்டுக்குத் தளம் போட்டுவிடலாம் என்று கொத்தனாரிடம் பேசி வைத்த ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. மானியம் என்பது ஒழுங்காகக் கட்டியவர்களுக்குக் கடைசியில் கடனைக் குறைப்பது. தொழில் நடத்த அதிலிருந்து ஒரு ரூபாய் வராது.

நான் விண்ணப்பித்த சமயத்தில் மெஷின் விற்கும் ஒருவர் வீடு தேடி வந்தார். திட்ட அறிக்கையை அவரே இலவசமாகத் தயார் செய்து தருவதாகச் சொன்னார். அறிக்கையில் வடிகட்டும் இயந்திரம், தானாகப் பாட்டிலில் நிரப்பும் இயந்திரம், லேபிள் ஒட்டும் இயந்திரம் எல்லாம் இருந்தன. 18 லட்சம்.

"போடுங்க மேடம், 35 பர்சென்ட் கவர்ன்மெண்ட் குடுக்குது, உங்களுக்கு என்ன கஷ்டம்?"

மகளிர் குழுவில் பல வருஷம் கணக்கு நோட்டு எழுதியவள் நான். அவர் போனதும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். 18 லட்சத்தில் மானியம் 6 லட்சத்து 30 ஆயிரம், என் பங்கு 90 ஆயிரம். மீதி 10 லட்சத்து 80 ஆயிரம் வட்டியோடு நான் கட்ட வேண்டியது. ஆறு லட்சத்தைச் சும்மா வாங்குவதற்காகப் பதினொரு லட்சம் கடன் தலையில் ஏறும். அந்த அறிக்கையில் சரக்குக்கு அவர் எழுதியிருந்தது ஒரு லட்சம்தான். மீதி அத்தனையும் அவர் விற்கும் இயந்திரங்கள். திட்ட அறிக்கையை மெஷின்காரர் எழுதினால் நம் கடன் எவ்வளவு என்பதை அவர்தான் முடிவு செய்கிறார். வருகிறவர்களிடம் நான் கண்டிப்பாகச் சொல்வது: அறிக்கையை நீங்களே எழுதுங்கள், தெரியாவிட்டால் மாவட்டத் தொழில் மையத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். விலைப்புள்ளி மட்டும் மூன்று பேரிடம் வாங்குங்கள்.

வாகை மர உரலோடு இரண்டு செக்கு, காய் உடைக்கிற சின்ன மெஷின், எண்ணெய் தெளிய வைக்கும் எவர்சில்வர் பாத்திரங்கள். இவ்வளவுதான் வாங்கினேன். எண்ணெயை வெள்ளைத்துணி கட்டி நாலு நாள் வெயிலில் வைத்தால் கசடு தானாக அடியில் தங்கிவிடும். அதற்கு எதற்கு மூன்று லட்ச ரூபாய் மெஷின்? சின்னதாக ஆரம்பித்ததில் வேறு லாபங்களும் இருந்தன. 10 லட்சத்துக்குள் இருந்தால் சிறுதொழில் கடனுக்கு வங்கி சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்று 2010இலிருந்தே ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற நிபந்தனையும் உற்பத்தித் தொழிலில் 10 லட்சத்துக்கு மேல் போனால்தான். மின் இணைப்பு 12 கிலோவாட்டுக்குள் இருந்தால் குடிசைத் தொழிலுக்கான 3ஏ1 கட்டணப் பிரிவில் வரும், அதைத் தாண்டினால் 3பி. தமிழ்நாட்டில் குறு உற்பத்தி நிறுவனங்களுக்கு முதல் 36 மாதம் மின்கட்டணத்தில் 20 சதவீதம் மாநில அரசு மானியமாகத் திருப்பித் தருகிறது. இதை மாவட்டத் தொழில் மையத்தில் நாமாகக் கேட்டு வாங்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பலர் கேட்காமலே விட்டிருக்கிறார்கள்.

இனி சரக்குப் பணம்.

எங்கள் பகுதியில் மல்லாட்டை இரண்டு போகம். ஆடியில் விதைக்கும் மானாவாரி ஐப்பசி, கார்த்திகையில் வரும். கிணற்றுப் பாசனத்தில் மார்கழி, தையில் போடுவது பங்குனி, சித்திரையில் வரும். மானாவாரிக் காய் மழையில் பிடுங்குவது, காயப்போட வெயில் கிடைக்காது. ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கும், அந்தப் பூஞ்சை நஞ்சு. ஈரப்பதம் எட்டு சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். நாங்கள் காதுக்குப் பக்கத்தில் குலுக்கிப் பார்ப்போம், பருப்பு உள்ளே கடகடவென்று ஆடினால் காய்ந்தது. அதனால் நான் பெரும்பாலும் வெயில் காலக் காயைத்தான் வாங்குகிறேன். அதாவது ஆறு மாதத்துக்கு வேண்டிய சரக்கை ஒன்றரை மாதத்துக்குள் வாங்கி அடுக்க வேண்டும். விவசாயிக்கு அப்போதுதான் உரக்கடை பாக்கி, பள்ளிக்கூடச் செலவு. ஊரில் மாமா முறை உள்ள ஒருவரிடம் பாதிப் பணம் இப்போது, மீதி வைகாசியில் என்று கேட்டுப் பார்த்தேன். "இன்னாம்மா, மண்டிக்காரன் களத்துலயே நோட்ட எண்ணித் தர்றான், நீ வைகாசின்றியே?" என்றார். அவர் சொன்னது நியாயம்தான்.

வங்கி எப்படிக் கணக்குப் போடுகிறது என்று பாருங்கள். 1992இல் நாயக் குழு சொன்ன முறை இன்றும் நடப்பில் இருக்கிறது. சிறுதொழிலின் ஒரு வருஷ விற்பனையில் நாலில் ஒரு பங்கு நடைமுறை மூலதனமாக, அதாவது சரக்குப் பணமாகத் தேவைப்படும், அதில் விற்பனையின் 20 சதவீதத்தை வங்கி தரும், 5 சதவீதம் நாம் போட வேண்டும். முதல் வருஷ விற்பனை 15 லட்சம் என்று எழுதியிருந்தேன். எனவே 3 லட்சம். வருஷம் முழுவதும் சரக்கு கிடைக்கும் பெட்டிக்கடைக்கு இந்தக் கணக்கு சரி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பணம் சுழன்று திரும்பி வரும்.

செக்குக்கு? ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். 15 லட்சம் விற்பனைக்கு மாதம் 850 கிலோ பருப்பு ஆகும். 2025-26க்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை காய் குவிண்டாலுக்கு 7,263 ரூபாய். நூறு கிலோ காயில் எழுபது கிலோ பருப்பு தேறும். அப்படியென்றால் பருப்பு கிலோ 104 ரூபாய்க்கு நிற்கிறது. உடைகூலி, பொறுக்குகூலி, வண்டி வாடகை சேர்த்தால் 110. ஆறு மாதச் சரக்கு என்றால் ஐந்தரை லட்சத்துக்கு மேல் வேண்டும். வங்கி தருவது மூன்று. அதுவும் மொத்தமாக அல்ல. இதை சி.சி. (கேஷ் கிரெடிட்) என்று வரம்புக்குள் எடுத்துக் கட்டும் கணக்காகத் தருவார்கள். அதில் சரக்கு மதிப்பில் 25 சதவீதம் நம் பங்காகக் கழித்துவிட்டுத்தான் எடுக்க விடுவார்கள். 3 லட்சம் முழுவதும் எடுக்க வேண்டும் என்றால் 4 லட்சத்துக்குச் சரக்கு உள்ளே இருக்க வேண்டும், மாதாமாதம் இருப்புப் பட்டியல் கொடுக்க வேண்டும்.

இடைவெளி எவ்வளவு என்று இப்போது தெரிகிறதல்லவா. இந்த இடைவெளியை எதைக் கொண்டு நிரப்புகிறார்கள் என்பதில்தான் கிராமத்துத் தொழில் நிற்பதும் விழுவதும். பெரும்பாலானவர்கள் நிரப்புவது மூணு வட்டிப் பணத்தில். நூற்றுக்கு மாதம் மூன்று என்றால் வருஷத்துக்கு 36 சதவீதம். எண்ணெயில் அவ்வளவு லாபமே கிடையாது. இல்லையென்றால் வாரத் தவணைக் கடன் கம்பெனி. அதில் வட்டி குறைவாகத் தெரியும், ஆனால் கடன் வாங்கிய அடுத்த வாரமே தவணை ஆரம்பித்துவிடும். மூட்டையாக அடுக்கி வைத்த மல்லாட்டை ஐந்து மாதம் கழித்துத்தான் பணமாகும். சரக்கு பணமாகும் காலமும் தவணை கட்ட வேண்டிய காலமும் ஒத்துப்போகாத கடனை, வட்டி எவ்வளவு குறைவாக இருந்தாலும், நான் வாங்குவதில்லை.

சி.சி. பற்றி இன்னொரு விஷயம், அதிகம் பேருக்குத் தெரியாதது. பி.எம்.இ.ஜி.பி.யில் நடைமுறை மூலதனமும் மானியக் கணக்கில் சேர்ந்திருப்பதால், அதை நாம் உண்மையில் பயன்படுத்தினோமா என்று பார்ப்பார்கள். மூன்று வருஷத்துக்குள் ஒரு தடவையாவது வரம்பு முழுவதையும் எடுத்திருக்க வேண்டும். சராசரியாக 75 சதவீதத்துக்குக் குறையாமல் பயன்படுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த அளவுக்கு மானியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். நம் வீட்டுப் பெண்களுக்குக் கடன் என்றால் பயம். எண்ணெய் விற்ற காசு கைக்கு வந்ததும் கொண்டுபோய் சி.சி.யில் கட்டிவிட்டு, அப்புறம் எடுக்காமலே நிம்மதியாக இருப்பார்கள். பக்கத்து ஊரில் ஊறுகாய் போடும் ஒரு அம்மா அப்படித்தான் பாதி வரம்பைத் தொடாமலே இரண்டு வருஷம் வைத்திருந்தார். நல்ல வேளை, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் சொல்லி மூன்றாம் வருஷம் சரிசெய்துகொண்டார். சி.சி. என்பது எடுத்துக் கட்டி, கட்டி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டிய கணக்கு.

மீதி இரண்டரை லட்சத்துக்கு நான் செய்தது மூன்று வேலைகள்.

முதலாவது குழு. எங்கள் மாநிலத்தில் சுய உதவிக் குழு 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கியது. நபார்டு வங்கி 1992இல் குழுக்களை வங்கியோடு இணைக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. இத்தனை வருஷமாகியும் குழுக் கடனில் ஒரு பழக்கம் மாறவே இல்லை: வந்த பணத்தைத் தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிப்பது. பன்னிரண்டு பேர், 6 லட்சம், ஆளுக்கு 50 ஆயிரம். தொழில் செய்பவளுக்கு 50 ஆயிரம் பத்தாது. தொழில் செய்யாதவளுக்கு அது பண்டிகைச் செலவில் கரையும், தவணை மட்டும் மிஞ்சும். பார்க்க நியாயமாக இருக்கும், யாருக்கும் பயன்படாது.

ஆனால் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது நுண் கடன் திட்டம் என்று ஒரு படிவம் நிரப்புகிறோமே, அது எதற்காக? எந்த உறுப்பினருக்கு எதற்காக எவ்வளவு தேவை என்று தனித்தனியாக எழுதத்தான். எல்லாக் குழுவும் அதில் ஒரே தொகையைப் பன்னிரண்டு தடவை எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறது. நாங்கள் அதை நிஜமாகவே எழுதினோம். கறவை மாடு வாங்க இருவர், தையல் மெஷினுக்கு ஒருவர், எனக்கு மல்லாட்டை வாங்க ஒன்றரை லட்சம். இருவர் வேண்டாம் என்றார்கள். இதற்கு ஒரே கூட்டத்தில் சம்மதம் கிடைக்கவில்லை. "அவளுக்கு மட்டும் ஒன்றரை லட்சமா?" என்று முணுமுணுப்பு இருக்கத்தான் செய்தது. அடுத்த தடவை தேவைப்படுகிறவருக்கு முன்னுரிமை என்று தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கியபின் அடங்கியது. வங்கி மேனேஜருக்கு ஆச்சரியம். "இந்தப் படிவத்தை ஒழுங்கா எழுதிக் கொண்டுவந்த குழுவை இப்பதான்மா பார்க்கிறேன்" என்றார். தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தில் சேர்ந்த மகளிர் குழுக்களுக்கு 3 லட்சம் வரை 7 சதவீத வட்டிதான். 10 லட்சம் வரை பிணை கிடையாது. சரக்கு வாங்க இதைவிட மலிவான பணம் எனக்குக் கிடைக்கவில்லை. அதைச் சமமாகப் பிரித்துக் கரைப்பது எனக்குச் சகிக்கவில்லை.

இரண்டாவது, ஒழுங்குமுறை விற்பனைக்கூடம். விவசாயி தன் விளைச்சலைக் கிடங்கில் வைத்து அதன் மதிப்பில் 75 சதவீதம் வரை பொருளீட்டுக் கடன் வாங்கலாம், 180 நாள் வரை வைத்திருக்கலாம். அறுவடை நேரத்து விலைக்கு அவசரப்பட்டு விற்க வேண்டியதில்லை. எனக்குக் காய் தரும் நாலைந்து பேரிடம் இதைப் பேசினேன். அவர்கள் கிடங்கில் வைத்துக் கடன் எடுத்து உடனடிச் செலவைப் பார்த்துக்கொள்கிறார்கள். நான் ஆடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, அன்றைய விலைக்கு, அவர்களிடம் வாங்குகிறேன். விலை ஏறினால் லாபம் அவர்களுக்கு. எனக்கு அதில் வருத்தமில்லை, ஐந்து மாத வட்டியும் எலிக்கடியும் மிச்சம். மாமா முறைக்காரரும் இப்போது இதில் ஒருவர். எல்லா விவசாயிகளும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், வண்டி பிடித்துக் கூடத்துக்குக் கொண்டுபோவது ஒரு வேலை. அதிக நிலம் வைத்திருப்பவர்களுக்குத்தான் கட்டுப்படியாகும்.

மூன்றாவது, கூலிக்கு ஆட்டுவது. இதைத்தான் புதிதாக வருபவர்கள் கேவலமாக நினைக்கிறார்கள். சொந்தப் பெயரில் பாட்டில் போட்டு, சென்னையில் விற்க வேண்டும் என்பதுதான் எல்லாருடைய ஆசை. ஊர்க்காரர்கள் தங்கள் மல்லாட்டையையும் எள்ளையும் கொண்டுவந்து ஆட்டிப் போனால், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொள்ளலாம். பிண்ணாக்கை நம்மிடமே விட்டுவிட்டுப் போனால் கூலியில் தள்ளுபடி. சரக்கு அவர்களுடையது, நம் பணம் ஒரு ரூபாய்கூட முடங்காது. முதல் வருஷம் என் கரண்ட் பில்லையும் ஆள் சம்பளத்தையும் கட்டியது கூலி ஆட்டுதான். ரேஷன் கடையில் பாமாயில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் ஊரில், லிட்டர் 300 ரூபாய்க்கு எண்ணெய் வாங்க எத்தனை பேர் வருவார்கள்? ஆனால் தன் வயல் மல்லாட்டையை ஆட்டி வருஷத்துக்கு வைத்துக்கொள்ள விரும்புகிற குடும்பம் ஊருக்கு நாற்பது, ஐம்பது இருக்கும். பிண்ணாக்குக்குச் சந்தை பக்கத்திலேயே இருக்கிறது, மாடு வைத்திருக்கும் வீடெல்லாம் வாடிக்கை. கடன் நோட்டு மட்டும் கவனமாக இருக்க வேண்டும், பால் பணம் வரும் தேதியில் போய் நின்றுவிட வேண்டும்.

வேலை விஷயம். மானியத் திட்டங்களில் எத்தனை பேருக்கு வேலை என்று ஒரு கட்டம் இருக்கும், எல்லாரும் ஏதாவது எண் எழுதுவார்கள். எனக்கு ஆள் சேர்ந்தது இயந்திரத்தால் அல்ல, காயாக வாங்கி வைப்பதால். பருப்பாக வாங்கினால் வண்டு விழும், சீக்கிரம் கசக்கும். காயாக வைத்து வேண்டும்போது உடைத்தால் ஆறேழு மாதம் நிற்கும். ஆனால் உடைக்க வேண்டும், சொத்தை பொறுக்க வேண்டும், தூற்ற வேண்டும். அதனால் செக்கில் ஒரு பையன் நிரந்தரமாக இருக்கிறான், பொறுக்குவதற்கு மூன்று பெண்கள் வாரத்தில் பாதி நாள் வருகிறார்கள். நூறு நாள் வேலை நடக்கும் காலத்தில் யாரும் வரமாட்டார்கள். அதற்கு அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? 2025-26இல் அதில் ஒரு நாள் கூலி 336 ரூபாய். நான் நேரத்தை மாற்றினேன். மத்தியானத்துக்கு மேல் வந்து படிக்கணக்கில் பொறுக்கித் தந்தால் போதும், வீட்டுக்கு எடுத்துப் போயும் பொறுக்கலாம். ஒரு மூதாட்டி டி.வி. பார்த்துக்கொண்டே பொறுக்குகிறார், அவர் பொறுக்கியதில் ஒரு கல்கூட இருக்காது. சரக்கு தீர்ந்துபோன மாதம் இவர்களுக்கும் வேலை இல்லை. சரக்குப் பணத்தை நான் இவ்வளவு பெரிதாகப் பேசுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

விண்ணப்பம் போடும் முன் உங்கள் சிபில் அறிக்கையையும் (பழைய கடன்களை எப்படிக் கட்டினோம் என்ற பதிவு) வீட்டுக்காரருடையதையும் எடுத்துப் பாருங்கள். வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கை இலவசம். எங்கள் குழுவில் ஒருவருக்கு எல்லாத் தாளும் சரியாக இருந்தும் கடன் நின்றுபோனது. வீட்டுக்காரர் வண்டிக் கடனில் நாலு தவணை பாக்கி, அந்த அம்மாவுக்கே தெரியாது, அவரும் சொல்லவில்லை. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம், அதற்கு ஆயிரம் ரூபாய் வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம், அதற்கான கட்டணம் சொற்பம். என்னுடையது போன்ற திட்டத்துக்குப் பயிற்சிச் சான்றிதழ் இல்லாமல் மானியம் வராது. ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் சாப்பாட்டோடு இலவசமாகவே பயிற்சி தருகிறார்கள். அங்கே கணக்கு எழுதும் வகுப்பில் தூங்காமல் இருந்தால் போதும்.

ஏற்கெனவே தொழில் நடத்துகிறவர்களுக்கு பி.எம்.இ.ஜி.பி. கிடையாது, அது புதிதாகத் தொடங்குவதற்கு. உணவுத் தொழில் என்றால் 2020இல் வந்த பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்தைப் பாருங்கள், 35 சதவீதம், உச்சம் 10 லட்சம், பழைய தொழிலை விரிவாக்கவும் கிடைக்கும். விண்ணப்பத்துக்கு உதவ மாவட்ட வள நபர் இருப்பார். அவருக்கான ஊதியத்தை அரசு தருகிறது, நீங்கள் எதுவும் தர வேண்டாம். அதில் என்னைக் கவர்ந்தது வேறு: குழு உறுப்பினர் உணவுத் தொழில் செய்தால், ஆளுக்கு 40 ஆயிரம் வரை தொடக்க நிதி, சின்னக் கருவிகளுக்கும் நடைமுறை மூலதனத்துக்கும். சரக்குப் பணம் என்று வாய்விட்டுச் சொல்லித் தருகிற திட்டம் நான் பார்த்தவரை இது ஒன்றுதான். கைவினைஞர்களுக்கு மாநில அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் இருக்கிறது, 3 லட்சம் வரை கடன், 25 சதவீத மானியம் உச்சம் 50 ஆயிரம், 5 சதவீத வட்டி மானியம், வயது 35 ஆகியிருக்க வேண்டும். எங்கள் ஊர்த் தச்சர் ஒருவர் அதில் வாங்கினார், அவருக்கு ஏற்ற அளவு. தாழ்த்தப்பட்ட, பழங்குடித் தொழில்முனைவோருக்கு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியமும் 6 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. இவற்றின் விதிகள் நிதியாண்டு மாறும்போது மாறும், போகும் முன் நடப்பு விதியை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். யூடியூபில் சொல்வதை நம்பிப் போகாதீர்கள்.

முதல் கடனை ஒழுங்காக அடைத்தவர்களுக்கு பி.எம்.இ.ஜி.பி.யில் இரண்டாம் கடன் உண்டு. விரிவாக்கத்துக்கு 15 சதவீத மானியம். இந்தச் செய்தி தெரிந்ததும் பழைய மெஷின்காரர் மறுபடி போன் செய்தார். வடிகட்டும் மெஷினை அவர் இன்னும் மறக்கவில்லை. நான் மாறாக, சி.சி. வரம்பை 3 லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்த்தக் கேட்டிருக்கிறேன். இதற்கு மானியம் எதுவும் இல்லை. இரண்டு வருஷ வருமான வரிக் கணக்கு, இருப்புப் பதிவேடு, பிண்ணாக்கு விற்பனை உட்பட எல்லாப் பணமும் அந்தக் கணக்கு வழியாகவே போயிருக்கிறதா என்பதைத்தான் பார்க்கிறார்கள். ஜிபேயில் வீட்டுக்காரர் நம்பருக்கு வாங்கிய பணம் நம் விற்பனையாகக் கணக்கில் வராது, கடையில் ஒட்டும் க்யூ.ஆர். அட்டையை முதல் நாளிலிருந்தே தொழில் கணக்கோடு இணைத்துவிடுங்கள்.

எப்போது விண்ணப்பிப்பது என்று கேட்கிறவர்களுக்கு: மெஷின் எப்போது வேண்டும் என்று பார்க்காதீர்கள், உங்கள் சரக்கு எப்போது விளைகிறது என்று பார்த்துப் பின்னோக்கி எண்ணுங்கள். மல்லாட்டைக்காரர்கள் பங்குனி அறுவடைக்குப் பணம் கையில் இருக்க வேண்டும் என்றால் ஆவணிக்குள் விண்ணப்பம் போயிருக்க வேண்டும். மார்ச்சில் வங்கிக்கு வருஷக் கடைசி, அப்போது போய் நின்றால் யாரும் நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. மேயும் ஜூனும் மேனேஜர்கள் இடம் மாறும் காலம். வாய்மொழியாகச் சரி என்று சொன்ன மேனேஜர் மாறிவிட்டால் புதியவரிடம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதனால் ஒப்புதல் கடிதத்தைத் தாளில் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் இயந்திரத்துக்கான கால அவகாசக் கடனும் சரக்குக்கான சி.சி.யும் தனித்தனியாக எவ்வளவு என்று போட்டிருக்கிறதா பாருங்கள். சி.சி. இடத்தில் ஒன்றும் இல்லாமல் இயந்திரத்துக்கு மட்டும் ஒப்புதல் தந்திருந்தால், இயந்திரத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே திரும்பிப் போய்க் கேளுங்கள்.